பத்தாயிரத்து எழுபத்தொன்பது கைகள்

அந்த அக்காவின் பெயரை நான் இதில் எழுதவில்லை, பிள்ளைகளா. எழுதினால் யாராவது அவரிடம் போய்க் கேட்பார்கள். அவருக்கு அது பிடிக்காது. ஈப்போவிலிருந்து கோப்பெங் போகிற வழியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் உங்கள் அம்மாவும் நானும் வேலை செய்தபோது அவரும் அங்கே இருந்தார். நீங்கள் இரண்டு பேரும் அப்போது பிறக்கவில்லை.

அவர் உயரமா குட்டையா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் ஒரு எண்ணைக் கண்டால் அதைச் சும்மா விடமாட்டார். அது மட்டும் கண்முன்னே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அன்றைக்குப் பாடப்போகிற பாட்டுகளின் எண்களைப் பலகையில் மாட்டியிருப்பார்கள். 391 என்று இருக்கும். நாங்கள் புத்தகத்தைப் புரட்டுவோம். அக்கா பலகையைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். பாட்டு பாதி போன பிறகு பக்கத்தில் இருப்பவர் காதில், "பாத்தா தனியாளு மாதிரி நிக்குது. இல்லலா. பதினேழு நிரை, நிரைக்கு இருபத்து மூணு" என்பார். பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் நான்தான். வேறு யாரும் அங்கே உட்காரமாட்டார்கள்.

நிரை என்பது தோட்டத்துப் பேச்சு. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிற்குமே, அந்த வரிசை. அக்கா ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அதன் பிறகு மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போனார். பால் வடிகிற கிண்ணத்துக்கு மங்கு என்று பெயர். மழை நாளில் வெட்டு கிடையாது. அப்போது மங்குகளைக் கழுவித் தரையில் அடுக்குவார். பன்னிரண்டு மங்கு இருந்தால் மூன்று நிரையாக அடுக்கலாம், நான்கு நிரையாக அடுக்கலாம், ஒன்றும் மிஞ்சாது. பதின்மூன்று இருந்தால் எப்படி அடுக்கினாலும் ஒன்றாவது வெளியே நிற்கும். நிரைக்கு வராத அந்த எண்களுக்கு அவர் வைத்த பெயர்தான் தனியாள். பள்ளிக்கூடத்தில் உங்களுக்குப் பகா எண் என்று சொல்லித் தருகிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் கல்யாணத்தில் மண்டபத்துக்காரர் 221 நாற்காலி இறக்கிவிட்டுப் பத்துப் பத்தாகப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பட்டுச் சேலையோடு போய் அத்தனையையும் கலைத்து, பதின்மூன்று வரிசை, வரிசைக்குப் பதினேழு என்று போடவைத்தார். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்புறம் என் மாமா தன் நண்பருக்கென்று ஒரு நாற்காலி கேட்டார். அக்கா அவரை முறைத்த முறைப்பில் அந்த நண்பர் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாததும் உண்டு. ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பத்து நாலு வயது என்று அவர் கூடப் பிறந்தவர் சொன்னார். பேச்சுவாக்கில் அவர் எந்த வருஷம் பள்ளியை முடித்தார் என்பதும் வந்தது. நம் அக்கா மூலையில் உட்கார்ந்திருந்தவர், "முப்பத்தேழு" என்றார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. "முப்பத்து நாலு இல்ல, முப்பத்தேழு" என்று மறுபடியும் சொன்னார். வந்தவர்கள் தேநீர் குடிக்காமலே எழுந்துவிட்டார்கள். பெண்ணின் தாயார் அழுதார். "ஏங்க்கா, வாயை மூடிக்கிட்டு இருக்கக்கூடாதா?" என்று நான் கேட்டேன்.

"தப்பான எண்ணு நடு வீட்டுல உக்காந்திருக்கு தம்பி. நான் எப்படி அதுக்கு எதிர்க்க உக்காந்து பலகாரம் திங்கிறது?" என்றார்.

அதன் பிறகு அவரை யாரும் அந்த மாதிரி காரியங்களுக்குக் கூப்பிடவில்லை. நானும்தான் கூப்பிடவில்லை.

இப்போது தொழிற்சாலைக்கு வருகிறேன். கையுறை எப்படிச் செய்கிறார்கள் என்று நீங்கள் பார்த்ததில்லை. ஒரு நீளமான கொட்டகை, அதற்குள் முடிவே இல்லாமல் சுற்றி வருகிற ஒரு சங்கிலி. சங்கிலி முழுக்கப் பீங்கான் கைகள். மனிதக் கை மாதிரியே, விரல்கள் கீழே பார்க்கத் தொங்கும். ஒவ்வொரு கையும் ரப்பர்ப் பாலில் முங்கி, சூட்டில் காய்ந்து, முடிவில் அதன் மேல் படிந்த கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தண்ணீரில் குளித்து, மறுபடியும் பாலில் முங்கப் போகும். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். நாள் முழுக்க ஓடும். நான் அந்த லைனுக்கு மெக்கானிக். அக்காவின் வேலை கைகளைக் கழுவுவதும், உடைந்ததைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவதும். சங்கிலி ஓடும்போதே மாட்டுவார். பார்க்கிற நமக்குத்தான் பயமாக இருக்கும்.

மொத்தம் 10,080 கைகள். நீலப் பலகையில் பெரிதாக எழுதி லைனின் முகப்பில் மாட்டியிருந்தார்கள். மானேஜர் நம்ம ஆள்தான், நிறையப் படித்தவர். அந்த எண்ணில் அவருக்குப் பெருமை. "ரெண்டுலேர்ந்து பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி வராது. மொத்தம் எழுபத்திரண்டு எண்ணு இதை வகுக்கும். இதைவிடச் சின்ன எண்ணு ஒண்ணுக்குக்கூட இத்தனை கிடையாது. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிஷம் தெரியுமா? அதுவும் இதேதான்" என்பார். நீங்களே பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

அக்காவுக்கு அந்த எண் பிடிக்கவில்லை. "யாரு வந்து கேட்டாலும் சரி சரின்னு தலையாட்டுது. இப்படி இருக்கறது நல்லதில்ல" என்பார். அதற்கு ஒன்று குறைவாக இருக்கிற 10,079தான் அவருக்குப் பிடித்தது. அது தனியாளா என்று பார்க்க, பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் மனசுக்குள்ளேயே வகுத்துக்கொண்டு வந்தார். எல்லா எண்ணாலும் வகுக்கத் தேவையில்லையாம். நூறுக்குள் இருபத்தைந்து தனியாட்கள் இருக்கிறார்கள், அவர்கள் யாராலும் முடியவில்லை என்றால் வேறு யாராலும் முடியாது. ஒரு நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "தொண்ணூத்தேழும் தோத்துப்போச்சு தம்பி. அது தனியாளுதான்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நான், "நல்லது அக்கா" என்றேன்.

உங்கள் அம்மா தண்ணீர்ச் சோதனையில் இருந்தாள். கைகள் கடந்து போகும்போது ஒவ்வொன்றும் ஒரு சின்ன இரும்பு நாக்கைத் தட்டிவிட்டுப் போகும். நாக்கு எண்ணிக்கொண்டே இருக்கும். இருநூற்று நாற்பது ஆனதும் ஒரு மணி அடிக்கும். அந்தக் கையின் கையுறையை அம்மா எடுத்து, தொங்கவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் பார்க்கவேண்டும். ஒழுகினால் ஒன்று, ஒழுகாவிட்டால் பூச்சியம் என்று தாளில் எழுதவேண்டும். ஒன்று தொங்கும்போதே அடுத்த மணி அடித்துவிடும். ஒரு சுற்றுக்கு நாற்பத்திரண்டு மணி, நாற்பத்திரண்டு கையுறை. எட்டு மாதமாக எல்லாம் பூச்சியம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மானேஜர் அம்மாவைக் கூப்பிட்டார். சங்கிலியில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த நான் பின்னாலேயே போனேன். மேசையில் ஒரு பெட்டி இருந்தது. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து திரும்பி வந்தது. நூறு கையுறையில் நாற்பது ஒழுகியதாம். காலை ஷிப்டில் கட்டிய பெட்டி.

"எட்டு மாசமா ஒரு ஓட்டைகூட இல்லன்னு எழுதியிருக்கே. ஒரே பெட்டியில நாப்பது ஓட்டை. நான் எதை நம்புறது, நீயே சொல்லு" என்றார் மானேஜர்.

"நான் ஒவ்வொண்ணுலயும் தண்ணி ஊத்திப் பாத்துத்தான் எழுதினேன் போஸ்."

"ஊத்தினா எப்படி இருக்கும்? வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. காரணம் சொல்ல முடியலன்னா பொய்ப் பதிவுன்னு எழுதி அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் வேற எந்தக் கம்பெனியிலயும் சோதனை வேலை கிடைக்காது. தெரியுமில்ல?"

அம்மா கீழே இறங்கி வந்து தன் இடத்தில் நின்று, அடுத்த மணி அடித்ததும் கையுறையை எடுத்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். பூச்சியம் என்று எழுதினாள்.

விஷயம் அக்காவின் காதுக்குப் போனது. அவர் ஈரக் கையோடு நேராக மானேஜரிடம் போனார்.

"போஸ், மணி திரும்பத் திரும்ப அதே கையைத்தான் எடுக்குது."

"அக்கா, பத்தாயிரம் கை ஓடுது. எப்படி அதே கை வரும்?"

"வரும். ஒரு கை குறைச்சுப் பாருங்க. இல்லன்னா மணியை மாத்துங்க. இல்லன்னா லைனை நிறுத்துங்க, நான் ஒவ்வொரு கையா தடவிப் பாக்கிறேன்."

"மணியும் எண்ணும் வாங்குறவன் கையெழுத்துப் போட்ட விஷயம். வெள்ளிக்கிழமை கண்டெய்னர் கப்பல் ஏறணும், லைன் நிக்காது. நீங்க கையைக் கழுவுங்க அக்கா, கணக்கை நான் பாத்துக்கிறேன்."

சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் எதிரே வந்து உட்கார்ந்தார். புந்தோங் கச்சாங், அதாவது வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, தேநீர்த் தட்டைச் சுற்றிப் பன்னிரண்டு கடலையை வட்டமாக வைத்தார்.

"நாலாவது நாலாவதா தொட்டுக்கிட்டே போ."

தொட்டேன். நாலு, எட்டு, பன்னிரண்டு. மறுபடியும் நாலு, எட்டு, பன்னிரண்டு. எத்தனை சுற்று சுற்றினாலும் அந்த மூன்று கடலைதான். மற்ற ஒன்பதை என் விரல் தொடவே இல்லை.

"இப்பப் பாரு" என்று ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பதினொன்று இருந்தது. மறுபடியும் தொட்டேன். நாலு, எட்டு, அடுத்தது முதல் கடலை, பிறகு ஐந்து, ஒன்பது, இரண்டு, ஆறு, பத்து, மூன்று, ஏழு, கடைசியில் பதினொன்று. ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டேன். வீட்டில் நீங்களும் செய்து பாருங்கள்.

"பத்தாயிரத்து எண்பதை இருநூத்து நாப்பதால வகுத்தா மீதி இல்ல. நாப்பத்திரண்டு. உன் பொண்டாட்டி எட்டு மாசமா அந்த நாப்பத்திரண்டு கையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. மத்த பத்தாயிரத்து முப்பத்தெட்டை யாரும் பாக்கல. சீனப் பெருநாள் லீவுல வெளியாளுங்க வந்து புதுக் கை மாட்டினாங்களே, எங்க மாட்டினாங்கன்னு யாரும் எழுதி வைக்கல. ஒரே பெட்டியில நாப்பது ஓட்டைன்னா நாப்பது கெட்ட கை பக்கத்துல பக்கத்துல தொங்குது. ஒரு மணி அடிக்கிற கைக்கும் அடுத்த மணி அடிக்கிற கைக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கு."

"ஒரு கை குறைஞ்சா?"

"சுத்துக்கு ஒரு கை தள்ளி மணி அடிக்கும். பத்து நாள்ல ஒண்ணு விடாம எல்லாக் கையும் வந்துடும்."

"விசாரணைக்கு மூணு நாள்தான் இருக்கு அக்கா."

"ஆமா. சுசாதான், கஷ்டம்தான்" என்றார். தட்டில் இருந்த கடலையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கழட்டுறது என் வேலை, கழட்டிடுவேன். காலியா இருக்கிற இடம் நாக்கைத் தட்டாது, அதனால எண்ணாது. ஆனா தினமும் காலையில நீ ஒரு தாள் எழுதுறியே."

எழுதுவேன். காலை ஏழு மணிக்கு ஒரு சுற்று முழுக்க லைனின் பக்கத்தில் நின்று பார்த்து, எத்தனை இடம் கை இல்லாமல் காலியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பலகையில் இருக்கும் எண்ணும் லைனில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது சட்டம். காலி ஒன்று என்று எழுதினால் பத்து நிமிடத்தில் மானேஜர் மாட்டவைத்துவிடுவார்.

"நீ என்ன எழுதுவேன்னு நான் கேக்கல" என்றார் அக்கா. "அவகிட்டச் சொல்லாதே. தெரிஞ்சா மணி அடிக்கிறப்பெல்லாம் நடுங்குவா."

பகல் ஒரு மணிக்குக் கை கழுவும் இடத்தில் அவர் ஒரு பீங்கான் கையைத் திருகிக் கழற்றினார். நல்ல கை. அதைத் துணியில் சுற்றி வாளிக்குப் பின்னால் வைத்தார். அந்த இடம் காலியாக என்னைக் கடந்து போனது. வாயில் ஒரு பல் போன மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தேன். காலி இடம் வந்தது, போனது. தாளில் 0 என்று எழுதினேன். எழுதிய பிறகு பேனாவை மூடத் தெரியாமல் நின்றேன்.

அன்று முழுக்க ஒழுகவில்லை. மற்ற ஷிப்டுகளிலும் இல்லை. ஒவ்வொரு மணிக்கும் நான் சங்கிலிச் சத்தத்துக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அம்மா தண்ணீர் ஊற்றுவாள், இரண்டு நிமிடம் பார்ப்பாள், எழுதுவாள். தூரத்திலிருந்து அவள் பேனா போகிற போக்கைப் பார்த்தாலே தெரியும். பூச்சியம் வட்டமாகப் போகும்.

புதன்கிழமை காலையிலும் 0 எழுதினேன். மத்தியானம் அக்காவிடம் போய், "எத்தனை கை தள்ளியிருக்கு?" என்று கேட்டேன்.

"நாப்பத்தெட்டு. இருநூத்து நாப்பதுல நாப்பத்தெட்டு."

"அஞ்சுல ஒரு பங்குதானா?"

"பத்துல ரெண்டு. எப்படிச் சொன்னாலும் அவ்வளவுதான்."

"நாளைக்குள்ள வருமா அக்கா?"

"தெரியாது."

"சும்மா ஒரு ஆறுதலுக்காவது வரும்னு சொல்லுங்களேன்."

"தெரியாததை எப்படிச் சொல்றது?" என்று கையைக் கழுவத் திரும்பிவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. பெண்டாட்டியின் பெயர் போகப்போகிறது, இவர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று.

வியாழக்கிழமை அம்மா காலையில் சாப்பிடவில்லை. "நான் பொய் எழுதலன்னு நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டாள். நம்புகிறேன் என்றேன். ஏழு மணிக்கு மூன்றாவது தாளில் 0 எழுதினேன். எட்டு மணி ஆனது. ஒன்றுமில்லை. எட்டரை ஆனது. அக்கா கையைக் கழுவிக்கொண்டே மணிகளை எண்ணிக்கொண்டிருந்தார், உதடு அசைவது தெரிந்தது.

ஒன்பது மணி ஐந்து நிமிடம். மணி அடித்தது. அம்மா கையுறையைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். கட்டைவிரல் அடியிலிருந்து மெல்லிய நூல் மாதிரி தண்ணீர் இறங்கியது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலை முகர்ந்துகூடப் பார்த்தாள், பாவம். பிறகு தாளில் ஒரு கோடு போட்டாள். எட்டு மாதத்தில் அவள் எழுதிய முதல் ஒன்று.

நான் ஓடினேன். "வந்திடுச்சு அக்கா!"

"நாப்பத்திரண்டாவது மணிக்குப் பக்கத்துக் கை வரும். அதுவும் கெட்டிருந்தா சரி" என்றார். "கெட்டிருக்கணும்."

பத்து மணிக்கு விசாரணை, நானும் கூட நின்றேன். மானேஜர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"விசாரணை அன்னிக்குத்தான் முதல் ஓட்டை கண்ணுல படுதா? ஒழுங்காப் பாத்தா கிடைக்கும்னு நீயே காட்டிட்டியேம்மா."

அம்மா அழ ஆரம்பித்தாள். கதவு திறந்தது. அக்கா நின்றார். ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"போஸ், முப்பத்தொன்பது மணி அடிச்சாச்சு. இன்னும் மூணாவது மணி அடிக்கிறப்ப வர்ற கிளவுஸ் ஒழுகும். கீழ வந்து பாருங்க. ஒழுகலன்னா எங்க ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க."

மானேஜர் எழுந்து வந்தார். கோபத்தில் வந்தார் என்றுதான் நினைக்கிறேன். லைன் ஓரத்தில் நான்கு பேரும் நின்றோம். நாற்பதாவது மணி. நாற்பத்தொன்று. ஒரு மணிக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை நிமிடம்தான், ஆனால் அன்று அது தீரவே இல்லை. நாற்பத்திரண்டு அடித்தது. அம்மா எடுத்த கையுறையை மானேஜரே வாங்கித் தொங்கவிட்டு, தண்ணீரும் ஊற்றினார்.

அரை நிமிடம் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரலின் அடியில் ஒரு துளி திரண்டது, தொங்கியது, விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

மானேஜர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் படித்தவர், அவருக்குக் கடலை தேவைப்படவில்லை. "எண்ணை மாத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணு கழட்டினேன். திங்கக்கிழமை ஒரு மணிக்கு. முதல் ஓட்டை வரைக்கும் அறுபத்தெட்டு சுத்து. அறுபத்தெட்டு கை தள்ளிப் போய் அடிச்சிருக்கு. இவ எழுதினதெல்லாம் உண்மை போஸ். அந்த நாப்பத்திரண்டு கையும் நல்ல கை."

லைனை நிறுத்தினார்கள். அக்கா கட்டைவிரல்களைத் தடவிக்கொண்டே போனார். நகம் மாட்டுகிற அளவுக்கு மயிரிழைக் கீறல். தொடர்ச்சியாக நாற்பத்தொரு கைகள். எல்லாம் லீவு நாளில் மாட்டியவை. மானேஜர் அங்கேயே அம்மாவிடம், "தப்பு எங்க மேலதாம்மா" என்றார். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு அவர் என் தாள்களை எடுத்துவரச் சொன்னார்.

செவ்வாய், புதன், வியாழன். 0, 0, 0. மூன்றிலும் என் கையெழுத்து.

"மூணு நாளா ஒரு கை இல்ல. நீ எல்லாம் இருக்குன்னு எழுதியிருக்கே. பொய்ப் பதிவுன்னுதானே உன் பொண்டாட்டிய விசாரிச்சேன்?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று உங்களிடம் எழுத ஆசை. எனக்கு நிச்சயமில்லை.

அக்கா முந்திக்கொண்டார். "அவரு எழுதினது சரிதான் போஸ். காலையில அவரு நின்னு பாக்கிற அந்த ஒரு சுத்து மட்டும் நான் கையை மாட்டி வச்சுடுவேன். போனதும் கழட்டிடுவேன். மூணு நாளும் அப்படித்தான். அவருக்கு எதுவும் தெரியாது."

"அப்படியா?" என்று மானேஜர் என்னிடம் கேட்டார்.

"ஆமா போஸ்" என்றேன்.

வாங்குகிறவனுக்குக் கடிதம் எழுதவேண்டும், அதில் யாராவது ஒருவர் சட்டத்தை மீறியவராக இருக்கவேண்டும். மூன்று நாள் எண்ணை மறைத்ததாக அக்காவை அன்றே நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு வேலை இருந்தது, பெயரும் இருந்தது. எனக்கும் இருந்தது. அம்மா எட்டு மாதம் எழுதிய பூச்சியங்கள் எல்லாம் உண்மை. நான் எழுதிய மூன்றும் பொய். இதை அம்மாவிடமே போன வாரம்தான் சொன்னேன். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நீங்களும் கோபப்படலாம்.

அன்று மத்தியானம் அக்காவுக்குப் பின்னால் கேட் வரைக்கும் போனேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் அவருடைய பூட்ஸ். அக்கா என்று கூப்பிட்டேன். நின்றார். சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, மூணு சுத்து நான் கையை மாட்டியிருந்தா அந்த மூணு சுத்துலயும் மணி நகந்திருக்காது. அறுபத்தஞ்சுதான் வரணும். நான் அறுபத்தெட்டுன்னு முதல்லயே சொல்லிட்டேன். அந்த ஆளு கவனிக்கலலா."

சொல்லும்போது அவர் உதடு நடுங்கியது. பஸ் வந்தது, ஏறிப்போய்விட்டார்.